பச்சையாய் ஒளிரும் சாட்சி

நாட்றம்பள்ளிப் பக்கம் தெருநாய் ஒன்று நாலைந்து பேரைக் கடித்துவிட்டு இரண்டு நாளில் செத்துப்போனால், பெரும்பாலும் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். கூடவே முக்கியமான ஒரு சாட்சியும் மண்ணுக்குள் போகிறது. அதற்கு ரேபிஸ் இருந்ததா என்பதை ஐயமறச் சொல்வது அதன் மூளைதான். அந்த மூளையைப் படிக்கும் கருவி ஃபுளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்.

1903-இல் இத்தாலிய மருத்துவர் அடெல்கி நெக்ரி, ரேபிஸ் தாக்கிய நரம்பணுக்களுக்குள் சிறு திட்டுகளைக் கண்டார். ஆனால் நோய் இருந்தும் அவை தென்படாத மூளைகள் உண்டு. சாதாரணச் சாயத்தால் வைரஸின் புரதத்தை மட்டும் தனியே பிரித்துக் காட்ட முடியாது. டேனரி டிரம்மில் சுழலும் சாயம் தோல் முழுவதும் ஏறுவதுபோல, அதுவும் திசு முழுவதும் ஏறிவிடும். குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தை இணைக்கும் வழியை 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் காட்டினர். 1958-இல் கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் அதை ரேபிஸுக்குப் பயன்படுத்தினர். மூளைத்தண்டையும் சிறுமூளையையும் கண்ணாடிச் சில்லில் ஒற்றி, குளிர்ந்த அசிட்டோனில் பதப்படுத்தி, ஆன்டிபாடியை இட்டு 37 டிகிரியில் அரைமணி நேரம் வைத்துக் கழுவுகிறார்கள். ஒட்டாதது கழுவலில் போய்விடும். பிறகு நீல ஒளியைப் பாய்ச்சினால், வைரஸ் புரதம் இருக்கும் இடங்கள் மட்டும் கரும்பின்னணியில் ஆப்பிள் பச்சையாக, தூசிபோலவும் உருண்டைகளாகவும் ஒளிரும். சில மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

கடிபட்டவருக்கு எப்படியும் ஊசி போடத்தானே போகிறோம், பிறகு எதற்கு இந்தச் சோதனை என்று கேட்கலாம். ஊசி ஒருநாளும் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. காயத்தை உடனே சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவவும் வேண்டும். ஆனால் சோதனை ஊருக்காகவும்தான். ரேபிஸ் உறுதியானால், சிறு கீறல்தானே என்று வீட்டில் இருந்துவிட்டவர்களைத் தேடிப் பிடிக்கலாம். எந்தத் தெரு நாய்களுக்கு முதலில் தடுப்பூசி போடுவது என்று தெரியும். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது என்பதால், இந்தத் தகவலின் விலை உயிர்.

நம் வெயிலில் மூளை அழுகிவிடுமே என்பது நியாயமான தடை. அழுகிய திசுவில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. ஆனால் மண்டையைப் பிளக்காமலே, பயிற்சி பெற்று முன்தடுப்பூசியும் போட்டுக்கொண்ட பணியாளர், பிடரி எலும்பின் துளை வழியே உறிஞ்சுகுழல் செலுத்தி மாதிரி எடுக்க முடியும். ஐஸ் பெட்டியில் வைத்தால், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற ஆய்வகத்துக்கு நெடுஞ்சாலை வழியாக அன்றைக்கே அனுப்பலாம். ஆகவே குறை கருவியில் இல்லை. நாய் கிடக்கும் இடத்துக்கும் ஆய்வகத்துக்கும் இடையில்தான் இருக்கிறது. பொதுமக்கள் சடலத்தைத் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்வதும், அங்கிருந்து மாதிரி தாமதமின்றிக் கிளம்புவதும் வழக்கமாக வேண்டும்.