ஸ்லைடில் தானாகச் சுருங்கும் எழுத்து: கொலம்பியா விபத்து உணர்த்துவது என்ன? சரிசெய்வது எப்படி?

ஐதராபாத்: கருத்தரங்கிலோ பயிற்சி வகுப்பிலோ திரையில் காட்டப்படும் ஸ்லைடைக் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் படிக்க முடியாமல் போவது அன்றாடம் நிகழ்வதுதான். "பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா?" என்று பேச்சாளர் கேட்பார், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஸ்லைடுக்குச் சென்றுவிடுவார். எழுத்தின் அளவை அலங்காரம் சார்ந்த விஷயமாகவே பலரும் கருதுகின்றனர். ஆனால், எந்தத் தகவல் முதலில் கண்ணில் பட வேண்டும், எது படாமலே போகலாம் என்பதை அந்த அளவே தீர்மானிக்கிறது. பல நேரங்களில் இந்த முடிவை ஸ்லைடு தயாரிப்பவர் எடுப்பதில்லை, மென்பொருளே எடுத்துவிடுகிறது.

எழுத்தின் அளவே ஒரு தகவல்

ஐதராபாத்தின் உப்பல் சாலையில் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் (சிசிஎம்பி) அமைந்துள்ளன. உப்பலில் இந்திய நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனமும் இயங்கி வருகிறது. வரைபடம் தயாரிப்போர் நெடுங்காலமாகப் பின்பற்றி வரும் விதி ஒன்று உண்டு. பெருநகரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். சிற்றூரின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். இடம் போதவில்லை என்பதற்காகத் தலைநகரின் பெயரைச் சிற்றூரின் அளவுக்கு யாரும் சுருக்குவதில்லை. வரைபடத்தில் மாறாத இந்த ஒழுங்கு, ஸ்லைடில் எளிதில் தலைகீழாகிவிடுகிறது. அதன் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கக்கூடும் என்பதற்கு 2003ஆம் ஆண்டு நிகழ்ந்த விண்கல விபத்தின் விசாரணை சான்றாக உள்ளது.

கொலம்பியா: கடைசி வரியில் இருந்த எச்சரிக்கை

அமெரிக்காவின் கொலம்பியா விண்கலம் 2003 ஜனவரி 16 அன்று ஏவப்பட்டது. இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் அதில் பயணம் செய்தனர். ஏவப்பட்ட சுமார் 82 விநாடிகளில், வெளிப்புற எரிபொருள் தொட்டியில் இருந்து பெயர்ந்த காப்பு நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பைத் தாக்கியது. விண்கலம் சுற்றுப்பாதையில் இருந்தபோதே, அந்தத் தாக்குதலால் ஏற்பட்டிருக்கக்கூடிய சேதத்தைப் பொறியாளர்கள் ஆராய்ந்தனர். தங்கள் கணிப்பை நாசா அதிகாரிகளிடம் ஸ்லைடுகளாக முன்வைத்தனர். பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்கலம் சிதறியது. 7 பேரும் உயிரிழந்தனர்.

விபத்தை விசாரித்த குழுவின் அறிக்கை அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியானது. தகவல் வடிவமைப்பு வல்லுநர் எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடுகளில் ஒன்றை ஆராய்ந்து கூறிய கருத்துகளை அறிக்கை எடுத்துக்காட்டியது. அந்த ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகள் நம்பிக்கை அளிக்கின்றன என்ற எண்ணத்தை ஏற்படுத்தும் வகையில் பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழ், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல படிநிலைகளில், படிப்படியாகச் சிறுத்த எழுத்துகளில் குறிப்புகள் இடம்பெற்றிருந்தன. முக்கியமான எண் கடைசி வரியில் இருந்தது. சோதனையில் பயன்படுத்தப்பட்ட துண்டின் கன அளவு 3 கன அங்குலம். நுரைத்துண்டு வந்ததாகக் கருதப்பட்ட பகுதியின் கன அளவு 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. சோதனைத் தரவுகளை இந்தத் தாக்குதலுக்குப் பொருத்திப் பார்க்கவே இயலாது என்பதே அந்த எண்ணின் பொருள். தலைப்போ அதற்கு எதிர்த்திசையில் பேசியது.

இந்த ஸ்லைடைப் படிக்கும் ஓர் உயரதிகாரி, உயிருக்கு ஆபத்தான நிலை இதில் பேசப்படுகிறது என்பதை உணராமல் போவது எளிது என்ற பொருளில் விசாரணைக் குழு கருத்து தெரிவித்தது. எழுத்து சிறுத்ததால் விபத்து நேர்ந்தது என்று குழு கூறவில்லை. நுரைத்துண்டின் தாக்குதலே நேரடிக் காரணம். நாசாவின் நிர்வாகப் பண்பாடும் காரணம் என்றே அறிக்கை விரிவாகப் பேசியது. பொறியியல் அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடை நம்பும் பழக்கத்துக்கு அந்த ஸ்லைடு எடுத்துக்காட்டாக அமைந்தது.

மென்பொருள் செய்வது என்ன?

பவர்பாயிண்டில் ஒரு பெட்டிக்குள் எழுத்துகளை நிரப்பிக்கொண்டே சென்றால், பெட்டி நிறைந்ததும் எழுத்து தானாகச் சிறுக்கத் தொடங்கும். 'ஆட்டோஃபிட்' எனப்படும் வசதியே இதற்குக் காரணம். நான்கு வரி உள்ள ஸ்லைடில் எழுத்து பெரிதாகவும், பன்னிரண்டு வரி உள்ள ஸ்லைடில் சிறிதாகவும் ஆகிவிடும். இதனால், சொல்ல வேண்டியது அதிகமாக உள்ள சிக்கலான ஸ்லைடே படிக்கக் கடினமானதாக மாறுகிறது.

இதை நிறுத்த, பெட்டியின் மீது வலது சொடுக்கு செய்து 'ஃபார்மட் ஷேப்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் 'டெக்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' பகுதியில் உள்ள 'டெக்ஸ்ட் பாக்ஸ்' என்ற பிரிவில் 'டூ நாட் ஆட்டோஃபிட்' என்பதைத் தேர்வு செய்யலாம். எல்லாக் கோப்புகளிலும் நிறுத்த விரும்பினால், 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'ப்ரூஃபிங்', 'ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ்' என்ற வரிசையில் சென்று, 'ஆட்டோஃபார்மட் அஸ் யூ டைப்' பகுதியில் தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள இரு ஆட்டோஃபிட் குறிகளையும் நீக்கலாம். அதன்பின் எழுத்து பெட்டியைத் தாண்டி வழியும். அந்த வழிதலை எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும்: ஒரு வரியை நீக்க வேண்டும் அல்லது ஸ்லைடை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

அளவை விரைவாக மாற்ற, எழுத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளுடன் '>' விசையை அழுத்தினால் பெரிதாகும். '<' விசையை அழுத்தினால் சிறிதாகும். கூகுள் ஸ்லைட்ஸிலும் இதே விசைகள் செயல்படும். தலைப்பும் துணைக்குறிப்பும் வெவ்வேறு அளவில் இருந்தால், ஒரே எண்ணைத் தட்டச்சு செய்யும்போது இரண்டும் சம அளவாகிவிடும். இந்த விசைகளைப் பயன்படுத்தினால் அவற்றுக்கு இடையிலான வேறுபாடு நீடிக்கும்.

ஐம்பது ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை. 'வியூ' பகுதியில் உள்ள 'ஸ்லைடு மாஸ்டர்' பக்கத்தில் ஒருமுறை அளவை மாற்றினால், தனியாக மாற்றப்படாத எல்லா ஸ்லைடுகளிலும் அது நடைமுறைக்கு வரும்.

எந்த அளவு போதுமானது?

இதற்கு எளிய கணக்கு உண்டு. ஓர் அங்குலம் என்பது 72 பாயிண்ட். வழக்கமான அகலத்திரை ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 பாயிண்ட். அரங்கில் திரையின் உயரம் 1.5 மீட்டர் என்று கொண்டால், 12 பாயிண்ட் எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் 3.3 சென்டிமீட்டர். இதில் மேலும் கீழும் உள்ள இடைவெளி போக, எழுத்தின் உடல் ஏறக்குறைய பாதியே, சுமார் 1.7 சென்டிமீட்டர்.

கண் மருத்துவர் 6/6 என்று குறிப்பிடும் இயல்பான பார்வை உடையவர், 12 மீட்டர் தொலைவில் அடையாளம் காணக்கூடிய எழுத்தின் உயரம் சுமார் 1.75 சென்டிமீட்டர். ஆக, அந்த அரங்கில் 12 மீட்டர் தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு 12 பாயிண்ட் எழுத்து, நல்ல பார்வை இருந்தாலும் எல்லைக்கு வெளியே நிற்கிறது. 24 பாயிண்ட் எனில், 6/12 பார்வை உடையவர் சிரமப்பட்டுப் படிக்கலாம். தயங்காமல் படிக்க 28 முதல் 32 பாயிண்ட் தேவை.

அரங்குக்குச் செல்லாமலே இதைச் சோதித்துப் பார்க்கலாம். மேற்கண்ட அரங்கில் கடைசி வரிசை, திரையின் உயரத்தைப் போல் 8 மடங்கு தொலைவில் உள்ளது. மடிக்கணினியில் ஸ்லைடு 20 சென்டிமீட்டர் உயரத்தில் தெரிந்தால், அதிலிருந்து 1.6 மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டும். அங்கிருந்து படிக்க முடியாத எதுவும் கடைசி வரிசைக்குச் சென்று சேராது.

கைபேசிக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. நிமிர்த்திப் பிடித்த கைபேசித் திரையின் அகலம் சுமார் 6.8 சென்டிமீட்டர் எனில், ஸ்லைடு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 24 பாயிண்ட் எழுத்து 5 பாயிண்டுக்கும் கீழே சென்றுவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் பயிற்சி ஸ்லைடுகளை விரல்களால் பெரிதாக்கியபடி படிக்க நேர்வது இதனால்தான்.

தமிழுக்குக் கூடுதல் கவனம்

தமிழில் எழுத்து சிறுத்தால் முதலில் மறைவது புள்ளியும் சுழியும். 'பல', 'பல்' ஆகியவற்றைப் பிரிப்பது ஒரு புள்ளி. 'கொடி', 'கோடி' ஆகியவற்றைப் பிரிப்பது கொம்பின் ஒரு சுழி. 'பனி', 'பணி' ஆகியவற்றுக்கு இடையே உள்ளதும் ஒரு சுழியே. வரியின் மேலே விசிறியும் கீழே வாலும் நீள்வதால், இடைவெளியைக் குறைத்து வரிகளை நெருக்குவதும் இதே தீங்கைச் செய்கிறது.

ஆங்கிலத்தில் தயாரான ஸ்லைடைத் தமிழில் மொழிபெயர்க்கும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அதே பெட்டியில் அடங்காது. ஆட்டோஃபிட் எழுத்தைச் சுருக்கிவிடும். ஆங்கிலத்தில் 28 பாயிண்டில் இருந்த செய்தி, தமிழ் படிப்பவருக்கு 18 பாயிண்டில் சென்று சேரலாம். எனவே, மொழிபெயர்ப்பு முடிந்த பின்னரும் ஒவ்வொரு ஸ்லைடிலும் எழுத்தின் அளவைச் சரிபார்ப்பது அவசியம்.

எழுத்துருவும் கவனிக்கத்தக்கது. பாயிண்ட் என்பது எழுத்து அமரும் கட்டத்தின் அளவு. எழுத்தின் அளவு அல்ல. லதா, விஜயா, நிர்மலா யூஐ ஆகிய எழுத்துருக்களில் ஒரே சொல்லை 24 பாயிண்டில் தட்டச்சு செய்தால், அதன் தோற்ற அளவு வேறுபடும். வேறொரு கணினியில் அந்த எழுத்துரு இல்லையெனில் மென்பொருள் மாற்று எழுத்துருவை இடும், வரிகள் இடம்பெயரும். கோப்புடன் எழுத்துருவைச் சேர்த்துச் சேமிப்பது அல்லது பிடிஎஃப் வடிவில் ஒரு பிரதியை வைத்திருப்பது இதைத் தவிர்க்கும்.

ஸ்லைடை முடித்த பின் ஒரே ஒரு சோதனை போதும். கேட்பவர் கட்டாயம் அறிய வேண்டிய வரி எது என்று முடிவு செய்து, அது எந்த அளவில் உள்ளது என்று பார்க்க வேண்டும். அந்த வரியே மிகச் சிறிய எழுத்தில் இருந்தால், மற்ற வரிகளில் சிலவற்றை நீக்கி அதற்கு இடம் தருவதே சரியான திருத்தம்.