படிக்கட்டுக்கு அடியில் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்

காஜாங்கில் என் மாமா கேட்டரிங் நடத்துகிறார். சென்ற ஆண்டு கடைத் தொலைபேசியை இணையவழி கிளவுட் சேவைக்கு மாற்றினார். ஒரே எண்ணுக்கு அழைத்தால் முன்மேசை, சமையல்கட்டு, கணக்கு அறை என மூன்று இடங்களிலும் மணி அடிக்கும். பழைய பெட்டியைக் கழற்றிவிட்டார்கள். “இனி எல்லாம் மேலே இருக்கு, கெட்டுப்போக இங்கே ஒண்ணுமில்லே” என்றார் மாமா. மின்னியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நானும் தலையாட்டினேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். ஒரு மாலை இடியோடு மழை. மின்சாரம் போய் இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. தொலைபேசிகளுக்கோ இரவு எட்டு மணி வரை உயிர் இல்லை. மாமா கிள்ளானில் ஒரு விருந்தில் இருந்தார். கருவிகள் உள்ள அறையின் சாவி அவர் சட்டைப்பையில். அன்று அழைத்து அழைத்து ஓய்ந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர், 400 பேருக்கான திருமண விருந்தை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். கடையை மூடிவிட்டோம் என்று நினைத்தாராம்.

சேவை நிறுவனத்தின் சர்வர் அன்று நன்றாகத்தான் ஓடியது. படிக்கட்டுக்கு அடியில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஃபைபர் மோடம், ரௌட்டர், சுவிட்ச் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷனில் தொங்கின. அதே எக்ஸ்டென்ஷனில் ஒரு ரைஸ் குக்கர் வேறு! மின்சாரம் திரும்பியபோது ரௌட்டர் பாதியில் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டேன்; இரண்டு நிமிடத்தில் எல்லாம் சரி.

தாத்தா காலத்துச் செம்புக்கம்பி ஃபோனுக்கு இந்தத் தொல்லை இல்லை. தொலைபேசி நிலையத்து பேட்டரிகளே 48 வோல்ட் மின்சாரத்தைக் கம்பி வழியே அனுப்பும். வீட்டில் விளக்கு அணைந்தாலும் பேசலாம். ஃபைபரில் வருவது ஒளி மட்டும். பேட்டரிப் பொறுப்பு சத்தமில்லாமல் நம் தலையில் விழுந்துவிட்டது. பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்போர் மின்தடையிலும் அவசர எண்ணை அழைக்க, குறைந்தது ஒரு மணி நேரத்துக்கு ஏற்பாடு வேண்டும் என்று 2018-இல் வழிகாட்டியது.

நாங்களும் ஒரு மணி நேரத்தையே இலக்காக வைத்தோம். மூன்று கருவிகளும் மேசை ஃபோன்களும் சேர்ந்து ஏறக்குறைய 40 வாட். சிறிய யூபிஎஸ்ஸில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. இழப்பைக் கழித்தால் ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிது. மேசை ஃபோன்களுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் போவதால், ஒரு யூபிஎஸ் போதும். ஆனால் வெப்பம் 10 டிகிரி கூடினால் இவ்வகை பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். காற்றில்லாத படிக்கட்டு அறை அதற்கு அடுப்பு மாதிரி. எல்லாவற்றையும் கணக்கு அறைச் சுவருக்கு மாற்றினோம்.

காசே இல்லாத தீர்வு ஒன்றும் இருந்தது. கடையோடு தொடர்பு அறுந்தால் அழைப்பை மாமாவின் கைப்பேசிக்குத் திருப்பும் வசதி, சேவையின் அமைப்புப் பக்கத்தில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. யாரும் தொடவில்லை. அன்று அது மட்டும் இருந்திருந்தால், கிள்ளானில் நின்றபடியே மாமா அந்தத் திருமணத்தைப் பேசி முடித்திருப்பார்.

ஞாயிறு காலை, யூபிஎஸ்ஸின் பிளக்கை வேண்டுமென்றே பிடுங்கினேன். ஃபோன்கள் விழித்திருந்தன. மாமா சிரித்தார். பிறகு கடையின் மெயின் சுவிட்சையே அணைத்தேன்; மூன்றும் செத்தன. கருவிகளை இடம் மாற்றிய அவசரத்தில் சுவிட்சின் பிளக்கைச் சுவரிலேயே செருகியிருந்தேன். “இதுக்குத்தான் படிக்கிறியா மருமவனே?” என்றார். அதை மாற்றி மறுபடி அணைத்தோம். 52 நிமிடம் தாக்குப்பிடித்தது.

ஃபைபரே அறுந்தால் உதவ ஒரு 4ஜி ரௌட்டர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த தீபாவளிக்குள் பார்க்கலாம் என்கிறார் மாமா.