கோடில்லாத சூரியத் தகடு: கூடுதல் விலை யாருக்குக் கட்டுப்படியாகும்?

கூரையில் உள்ள சூரிய சக்தித் தகட்டை அருகில் சென்று பார்த்தால், அதன்மீது மெல்லிய வெள்ளிக் கோடுகள் ஓடுவது தெரியும். மின்கலத்தில் உருவாகும் மின்சாரத்தைத் திரட்டி வெளியே கொண்டுவருபவை அவை. ஆனால், அந்தக் கோடுகள் ஓடும் இடத்தில் வெயில் படாது. மின்சாரம் எடுக்கப் போட்ட கோடே சில விழுக்காடு ஒளியை மறைத்துவிடுகிறது.

தரைவீடுகளுக்காக விற்கப்படும் சில தகடுகளில் இந்தக் கோடுகள் இல்லை. நேர்மின், எதிர்மின் இணைப்புகள் இரண்டுமே மின்கலத்தின் பின்பக்கத்துக்குப் போய்விட்டன. இரு கை விரல்களைக் கோத்ததுபோல் அவை அங்கே மாறி மாறி அமைந்திருக்கும். (கறுப்பாக இருக்கும் தகடெல்லாம் இந்த வகை என்று நினைத்துவிடக்கூடாது. சாதாரணத் தகடும் கறுப்பு நிறத்தில் வருகிறது.)

இது புதிய யோசனை அன்று. 1970களிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் இதை முன்வைத்தனர். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் சுவான்சன் 1985ல் சன்பவர் நிறுவனத்தைத் தொடங்கினார். 1993ல் ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை நடந்த சூரியக் கார் போட்டியில் வென்ற ஹோண்டா காரில் இருந்தவை அதன் மின்கலங்கள்தான். பிறகு மலாக்காவிலும் அவை தயாராயின. 2020ல் அந்நிறுவனத்திலிருந்து பிரிந்த மேக்சியான், சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்டது.

இவ்வளவு நல்லதென்றால் எல்லாக் கூரையிலும் ஏன் இல்லை? ஒளி பட்டதும் மின்னூட்டத் துகள்கள் பெரும்பாலும் முன்பரப்புக்கு அருகிலேயே பிறக்கின்றன. அவை சிலிக்கன் வில்லை முழுவதையும் கடந்து பின்பக்கம் சேர வேண்டும். வழியில் சிறு மாசு இருந்தாலும் துகள்கள் அங்கேயே வீணாகிவிடும். அதனால் மிகத் தூய சிலிக்கன் தேவை. பின்பக்கக் கோடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பதிப்பதும் நுணுக்கமான வேலை. செலவு ஏறுவது இங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 சதுர மீட்டர் தகடு வைக்க இடமிருக்கும் வீட்டில், 22 விழுக்காட்டுத் திறனுள்ள தகடுகள் 4.4 கிலோவாட் தரும். 24 விழுக்காடு என்றால் 4.8 கிலோவாட். நம் வெயிலுக்கு அந்த 0.4 கிலோவாட், ஆண்டுக்குச் சுமார் 480 கிலோவாட் மணி மின்சாரம். ஒரு கிலோவாட் மணிக்கு 30 காசு என்று வைத்தால் மிச்சம் 144 வெள்ளி. கூடுதல் விலையை இந்தத் தொகையால் வகுத்தால், எத்தனை ஆண்டில் பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

இடம் குறைவான கூரைக்கு இது பொருந்தும். தாராளமாக இடமிருப்பவர்கள் சாதாரணத் தகட்டையே இன்னும் இரண்டு வாங்கி வைத்துவிடலாம்.

விற்பனையாளர்கள் நீண்டகால உத்தரவாதத்தையும் எடுத்துச் சொல்வார்கள். சன்பவர் நிறுவனமே 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் நொடிப்பு மனு தாக்கல் செய்தது. ஆகவே, தயாரிப்பாளர் இல்லாமல்போனால் பழுதான தகட்டை யார் மாற்றித் தருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கட்டுவது நல்லது.