23 நிமிடப் பாட்டும் தூத்துக்குடிக் காதும்

1980-களின் தூத்துக்குடியில் ஒரு பாட்டு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதைக் கேசட்தான் முடிவுசெய்தது. ரெக்கார்டிங் சென்டருக்குப் போய், ஒரு தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் சில நாள் கழித்துப் பதிந்து தருவார்கள். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். சினிமாப் பாட்டு ஆறோ ஏழோ அடங்கும். இந்தக் கணக்கு ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தத் தாளில் பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்' என்று எழுதிக் கொடுப்பவனைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். "தம்பி, இந்த ஒத்தப் பாட்டு பக்கத்தையே முழுங்கிருமே. இதுக்கு அஞ்சு பாட்டு பதிஞ்சிட்டுப் போலாம்லா?" என்பார். வியாபாரம் தெரிந்தவர் பேச்சு. 'எக்கோஸ்' 23 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதற்கு முன்னால் ரெண்டு பாட்டு பதிந்திருந்தால், கடைசிப் பகுதி வருவதற்குள் டேப் 'டக்'கென்று நின்றுவிடும்.

அந்த மாதிரி ஆங்கிலப் பாட்டெல்லாம் இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. கடல் வழியாகத்தான். கொழும்பு இங்கிருந்து சுமார் 150 கடல் மைல். ரேடியோ சிலோன் எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சத்தம். 1952-ல் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கியபோது நாடே கொழும்பு அலைவரிசைக்குத் திரும்பியது என்பார்கள். தூத்துக்குடி அதற்கு முன்பே அந்தப் பக்கம்தான் காது வைத்திருந்தது. பிறகு 1977-ல் இலங்கை தன் சந்தையைத் திறந்துவிட்டது. ஜப்பான் டேப் ரெக்கார்டர்கள் கொழும்புக் கடைகளில் குவிந்தன. தோணியில் போய்வந்தவர்கள் கையில் சோப்பும் டார்ச்சும், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னும் கரையேறின. வெளிநாட்டுக் கப்பலில் வேலைபார்த்த மாலுமிகள் லீவுக்கு வரும்போது பெட்டிக்குள் துணிக்கு நடுவே நாலைந்து ஆங்கில கேசட் இருக்கும். பெரும்பாலும் அபா, போனி எம். எப்போதாவது ஒன்று, அட்டையில் ஆள் படமே இல்லாமல், விசித்திரமான ஓவியத்தோடு வரும். அதுதான் புரோக்ரசிவ் ராக்.

1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய வகை இது. ராக் இசைக் கருவிகளை வைத்துக்கொண்டே மேற்கத்திய செவ்வியல் இசையின் அமைப்பையும் ஜாஸின் சுதந்திரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். 1969-ல் கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் வந்தது. யெஸ், ஜெனிசிஸ், ஜெத்ரோ டல் குழுக்களும் இதே பாதையில் போனார்கள். பாட்டு ஏன் அவ்வளவு நீளம் என்பதற்குக் காரணமும் இயந்திரம்தான். பழைய 78 ஆர்பிஎம் தட்டில் பக்கத்துக்கு 3 நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும்; உலகம் முழுக்க 3 நிமிடப் பாட்டு வழக்கமானது அதனால்தான். எல்பி தட்டு வந்ததும் ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அந்தப் பக்கம் முழுவதையும் ஒரே பாட்டால் நிரப்பினால் என்ன என்று கேட்டவர்கள் இவர்கள். 'எக்கோஸ்' 1971-ல் வந்த 'மெடில்' தட்டின் ஒரு பக்கம் முழுக்க நீள்கிறது.

இப்படிப்பட்ட பாட்டு மெட்ராஸில் கல்லூரிப் பையன்களுக்குப் பிடித்தது ஆச்சரியமில்லை. உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் வளர்ந்த காதுக்கு ஏன் பிடிக்க வேண்டும்? ஆங்கில வரிகள் பாதி புரியாது. எனக்குத் தோன்றும் பதில், நீளம் எங்களுக்குப் புதிதல்ல என்பதுதான். இந்த மாவட்டத்தில் கொடை விழா என்றால் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். கதை வேகமெடுத்தால் தாளமும் வேகமெடுக்கும், அழுகை வந்தால் அடங்கும். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவும் அப்படியே. வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டின் நடை மாறும். விளாத்திகுளம் நல்லப்ப சுவாமிகள் கரகரப்பிரியாவை எடுத்தால் மணிக்கணக்கில் அதே ராகத்தில் நிற்பார். கீர்த்தனைகூட வேண்டாம், ராகம் போதும். எழுத்தாளர்கள் கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும் அவர் பாட்டில் மயங்கிக் கிடந்தவர்கள்.

அந்நிய வாத்தியத்துக்கும் இங்கே கதவு எப்போதோ திறந்துவிட்டது. எங்கள் மாவட்டத்து எட்டயபுரம் சமஸ்தான வித்வான் பாலுசுவாமி தீட்சிதர், மணலி முதலியாரின் ஆதரவில் ஐரோப்பிய வயலின் கலைஞர் ஒருவரிடம் பாடம் கேட்டு, வயலினைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதல்வர். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் கும்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டும் அதில் ஒன்று. 1835-ல் அவர் மறைந்ததும் எட்டயபுரத்தில்தான். இப்படிப்பட்டவர்கள் வாழ்ந்த மண்ணில் கிட்டாரைப் பார்த்து யாரும் மிரளப்போவதில்லை.

தாளத்திலும் ஒட்டுதல் உண்டு. பிங்க் ஃபிளாய்டின் 'மணி' (1973) பெரும்பகுதி 7 எண்ணிக்கையில் போகிறது. மேற்கத்திய ரசிகர்கள் இதை வியந்து வியந்து எழுதுவார்கள். மிஸ்ர சாபுவில் கையைத் தட்டிப் பழகிய நம்மவருக்கு அது சாதாரணம். அதைவிட எனக்குப் பிடித்தது, அமெரிக்காவின் டூல் குழு 2001-ல் வெளியிட்ட 'லேட்டரலஸ்'. அதில் 9, 8, 7 என்று எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் பகுதி ஒன்று உண்டு. கணிதம், ஃபிபனாச்சி என்று அதற்கு நிறைய விளக்கம் சொல்கிறார்கள். 987 ஃபிபனாச்சி வரிசையில் வரும் எண்தான், சரி. ஒரு மிருதங்க வித்வானிடம் போட்டுக் காட்டினால் கோபுச்ச யதி என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

இப்போது நான் திரும்பத் திரும்பக் கேட்பவை சிலவற்றைச் சொல்கிறேன். கடலோரக்காரனின் பட்டியல் இது, அந்தச் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

'எக்கோஸ்' இன்னும் பட்டியலில் இருக்கிறது. தொடக்கத்தில் ஒற்றைச் சுரம், நீர்மூழ்கியின் சோனார் போல, 'பிங்' என்று விழும். பியானோவின் ஒரு சுரத்தைச் சுழலும் ஒலிபெருக்கி வழியாக அனுப்பி ரிச்சர்ட் ரைட் அதை உண்டாக்கினார். பாதியில் பாட்டே காணாமல் போய்க் காற்றும் ஏதோ பெரிய உயிரின் ஓலமும் மட்டும் கேட்கும். டேவிட் கில்மோர் தன் வா-வா பெடலைத் தலைகீழாக இணைத்ததில் கிடைத்த சத்தம் அது. அங்கிருந்து மெல்ல மெல்லப் பாட்டு மேலே வரும். அந்தக் காலத்து கேசட்டில் அறுந்துபோன பகுதி அதுதான்.

அதே 1971-ல் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் செய்த 'எ பிளேக் ஆஃப் லைட்ஹவுஸ் கீப்பர்ஸ்' 10 பகுதிகள் கொண்ட 23 நிமிடப் பாட்டு. கலங்கரை விளக்கில் தனியாக இருக்கும் காவலாளி, கப்பல்கள் உடைந்து ஆட்கள் சாவதைப் பார்த்துப் பார்த்துக் குற்ற உணர்வில் மனம் சிதைந்துபோவதுதான் கதை. கிட்டார் அதிகம் இல்லை. ஆர்கனும் சாக்ஸபோனும் பீட்டர் ஹேமிலின் தொண்டையும்தான். முதல் தடவை கேட்பவர்களுக்கு இரைச்சலாகப் படும், படட்டும். எங்கள் ஊர் முயல் தீவு விளக்கைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காவலாளியின் தனிமை விளக்கம் இல்லாமல் புரியும்.

ஆனால் என்னை இப்போது பிடித்து வைத்திருப்பது ஜெர்மனியின் தி ஓஷன் குழு 2013-ல் வெளியிட்ட 'பிலேஜியல்'. ஆல்பம் முழுவதும் ஒரே பயணம், சுமார் 53 நிமிடம், இடைவெளி கிடையாது. கடலின் மேற்பரப்பில் தொடங்கி, வெளிச்சம் எட்டும் அடுக்கு, எட்டாத அடுக்கு, பாதாளம், கடைசியில் கடல் தரை என்று இறங்கிக்கொண்டே போகிறது. பகுதிகளுக்குப் பெயரே கடலியல் அடுக்குகளின் பெயர்கள்தான். மேலே இருக்கும்போது பியானோவும் லேசான வேகமும் இருக்கும். ஆழம் கூடக் கூட நடை தளரும், சுரம் கனக்கும், கிட்டார்கள் கீழே கீழே போகும். தரையைத் தொடும்போது இசை பாறை போலாகிவிடுகிறது. நீரின் அழுத்தத்தை இசையாக்கியது என்று இதைவிடத் துல்லியமாக வேறொன்றை நான் கேட்டதில்லை.

கேட்கும்போதெல்லாம் முத்துக்குளிப்பு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. முத்துச் சிப்பி கிடைக்கும் கடலடிப் பார்களில் 8, 10 பாகம் ஆழம். குளிப்பவர் ஒரு காலைக் கல்லில் ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். கீழே இருப்பது ஒரு நிமிடம் போல. அதற்குள் கையில் கிடைத்த சிப்பியைப் பைக்குள் அள்ளி, கயிற்றைச் சுண்ட வேண்டும்; மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவர் கையில்தான் உயிர். சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி கரையில் இருந்தால்தான் அந்தக் காலத்தில் கடலில் இறங்கியிருக்கிறார்கள். 1955 முதல் 1961 வரை அரசு தொடர்ந்து சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடத்தியது. அதற்குப் பிறகு இங்கே சலாபம் கிடையாது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில் சிப்பி வளர்த்து முத்து எடுத்துக் காட்டினார்கள். ஆய்வு வென்றது, தொழில் திரும்பவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்னும் இறங்குகிறார்கள், கம்ப்ரசர் காற்றைக் குழாயில் உறிஞ்சிக்கொண்டு.

நம் பக்கத்துக் குழுக்களில் அகம் முக்கியமானது. பெங்களூர்க்காரர்கள், 2003-ல் சேர்ந்தவர்கள். ஆனால் பெரிய மேடை கிடைத்தது சன் டிவியின் 'ஊ லலலா'வில், ஏ.ஆர்.ரஹ்மான் நடுவராக இருந்த போட்டியில் வென்றபோது. சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவை அவர்கள் எடுத்தாண்ட விதம் பலருக்குத் தெரியும். எனக்கு 2012 ஆல்பத்தில் வஞ்சிப்பாட்டுச் சாயலில் வரும் 'போட் சாங்'தான். துடுப்பு போடும் தாளம் டிரம்ஸுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. கொச்சியின் மதர்ஜேன் 2008-ல் தந்த 'மக்தூப்' அந்த ஆல்பத்துக்கும் முந்தியது. பைஜு தர்மஜன் கிட்டாரில் கமகம் பிடிப்பதைக் கேட்டால் நாதஸ்வரம் பழகிய கை என்று நினைப்பீர்கள். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) ராக் அல்ல, ஆனால் அதில்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. தூத்துக்குடி தனி மாவட்டமான அதே ஆண்டில் வந்த அந்த கேசட், தியாகராஜரும் பாக்கும் ஒரே அறையில் உட்காரலாம் என்று எங்களுக்குக் காட்டியது. புதியவற்றில் ஸ்டீவன் வில்சனின் 'தி ஓவர்வியூ' (2025): ஆல்பத்தில் இரண்டே பாட்டு, ஒன்று 23 நிமிடம், மற்றது 18. விண்வெளியிலிருந்து பூமியைப் பார்ப்பவரின் மனநிலை. நல்லது, கொஞ்சம் சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இதெல்லாம் இப்போது கைக்குள் இருக்கிறது. 2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவானது, 2019-ல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. கப்பல்காரர் பெட்டிக்காகக் காத்திருந்த பாட்டை மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னுகிற பையன் நொடியில் கேட்கலாம். தட்டின் பக்கமும் டேப்பின் முனையும் ஒழிந்துவிட்டன. 2 மணி நேரப் பாட்டுக்கும் தடையில்லை. ஆனால் பாட்டு சுருங்கிக்கொண்டு வருகிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 23 நிமிடப் பாட்டுக்கும் 2 நிமிடப் பாட்டுக்கும் அந்தக் கணக்கில் வித்தியாசம் இல்லை. பிறகு எவன் நீளமாகப் போடுவான்? போட்டாலும், அன்று டேப் செய்த வேலையை இன்று நம் கட்டைவிரல் செய்துவிடுகிறது.

இன்னொன்றும் போனது. அன்று டூ-இன்-ஒன் திண்ணையில் பாடும். வேண்டுமோ வேண்டாமோ, நாலு வீடு கேட்கும். பிடிக்காத அத்தைமார் திட்டுவார்கள், திட்டிக்கொண்டே கேட்பார்கள். இன்று காதுக்குள் பட்டன் போல ஒன்றைச் செருகிக்கொண்டு அவரவர் தனியாக இருக்கிறோம். நல்ல பாட்டு அடுத்தவர் காதில் தற்செயலாக விழும் வாய்ப்பே இல்லை. கடையில்லை, கப்பல்காரர் இல்லை, திண்ணையும் இல்லை. தேடத் தெரிந்தவனுக்கு மட்டும் எல்லாம் கிடைக்கிறது. இது முன்னேற்றம் என்று முழு மனதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் அறுந்த கேசட்டுக்குத் திரும்பிப்போக மாட்டேன்.

எனக்கு ஒரு குறை உண்டு. கடலின் அடியாழம் வரை இறங்கும் பாட்டை ஜெர்மானியர்கள் செய்கிறார்கள், கலங்கரை விளக்குக் காவலாளியை இங்கிலாந்துக்காரர்கள் பாடுகிறார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்கிய கடற்கரையிலிருந்து அப்படி ஒரு பாட்டு வரவில்லை. மேலே தோணியில் அம்பா, கீழே ஒரு நிமிட மௌனம், கயிறு சுண்டும் தாளம், கரையில் சிப்பி ஏலம் போடும் கூச்சல் என்று 20 நிமிடத்துக்குத் தேவையான எல்லாம் இங்கே இருக்கிறது. சென்னையிலும் கொச்சியிலும் பெங்களூரிலும் குழு வைத்திருக்கும் தம்பிகள், தங்கச்சிகள் யாராவது தமிழில் செய்ய வேண்டும். 1961-ல் 20 வயதில் கடலில் இறங்கியவர்களுக்கு இப்போது 80 தாண்டிவிட்டது. பாட்டு எழுத நினைப்பவர்கள் முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள்.