செதுக்கியவனுக்கும் ஒரு பக்கம்!

புத்தகத்தில் யார் படத்தைப் போடுவார்கள்? எழுதிய ஆசிரியர் படத்தைப் போடுவார்கள். பணமுடிப்புத் தந்த பிரபுவின் படத்தைப் போடுவார்கள். மன்னன், மதகுரு என்றால் கேட்கவே வேண்டாம்! உளி பிடித்து, கண் எரிய மரத்தைச் செதுக்கிய தொழிலாளியின் படத்தைப் போட்ட புத்தகம் உண்டா? உண்டு, தோழர்களே! அதுவும் 1542-ஆம் ஆண்டிலேயே!

தூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த ஜெர்மானியர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ். அவர் லத்தீனில் எழுதிய மூலிகை நூல் அது. பாசல் நகரில் இசின்கிரின் என்பாரின் அச்சுக்கூடத்திலே அச்சாயிற்று. ஐந்நூறுக்கு மேற்பட்ட செடிகளின் படங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளமும் மிளகாயும்கூட அதில் உண்டு. மிளகாய்க்கு அவர் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? கள்ளிக்கோட்டை மிளகு! கடல் கடந்து வந்த காரமெல்லாம் நம் பக்கத்துச் சரக்கு என்றே அன்று ஐரோப்பாவில் பலரும் நினைத்தனர்.

படம் அழகுக்காக அல்ல. முன்னோர் போட்ட படத்தைப் பார்த்துப் பார்த்தே படம் போட்டு வந்ததால், செடி செடியாகவே இல்லாமற் போயிற்று. மூலிகை மாறினால் நோயாளி கதி என்ன? ஆகவே உயிருள்ள செடியை எதிரே வைத்து வரையச் சொன்னார் ஃபுக்ஸ். செடியின் உருவை மறைக்கும்படி நிழல் தீட்டக்கூடாது என்றும் கட்டளையிட்டார். கண்டிப்பான மனிதர்தான்!

வேலையோ எளிதன்று. ஆல்பிரெக்ட் மேயர் செடியைப் பார்த்து வரைவார். ஹைன்ரிக் ஃபுல்மவ்ரர் அதை மரக்கட்டை மீது மாற்றி எழுதுவார். பிறகு ஸ்டிராஸ்பர்க் நகரத்து வைட் ருடோல்ஃப் ஸ்பெக்ளே, கோட்டை மட்டும் மேடாக நிறுத்தி, மற்ற இடத்தையெல்லாம் குடைந்தெடுப்பார். கத்தி வழுக்கினால் இலை நரம்பு போயிற்று. போனதைச் சரிசெய்வது எளிதன்று.

நூலின் தொடக்கத்தில் கையில் செடியேந்தி முழு உருவாக நிற்கிறார் ஃபுக்ஸ். வைத்தியருக்கு முதல் இடம். அதை யார் மறுப்பது? ஆனால் நூலின் முடிவிலே மேற்சொன்ன மூவரும் இருக்கிறார்கள். மேயரும் ஃபுல்மவ்ரரும் மேலே, வேலை செய்தபடியே. கீழே ஸ்பெக்ளே. பெயரும் தொழிலும் பொறித்திருக்கிறது.

இதன் அருமை புரிய, 1493-இல் வெளிவந்த புகழ்பெற்ற நியூரம்பர்க் வரலாற்று நூலைப் பாருங்கள். 1,800-க்கு மேற்பட்ட படங்கள். அச்சுக்கட்டைகளோ 650-க்கும் குறைவு. அங்கே ஒரே முகம் ஒரு பக்கத்தில் ஒருவராகவும், வேறொரு பக்கத்தில் இன்னொருவராகவும் வரும்! ஸ்பெக்ளேயின் முகமோ ஸ்பெக்ளேக்கே உரியது. முன்னுரையிலும் அவரை ஸ்டிராஸ்பர்க்கின் தலைசிறந்த செதுக்குநர் எனப் பாராட்டியிருக்கிறார் ஃபுக்ஸ்.

பிற்காலத்தில் வைத்தியரின் பெயரை ஃபுக்சியா என்று ஒரு பூச்செடிக்கு இட்டார்கள். ஸ்பெக்ளே பெயரில் பூ எதையும் நாம் கண்டதில்லை. அந்த நூலின் பிரதி எஞ்சியிருக்கும் நூலகங்களில், கடைசித் தாள்களைப் புரட்டினால் அவரைக் காணலாம்.