தாதியர் மூர்ச்சையுறுவது ஏன்?

தாதியர் பயிற்சிக்குப் பெயர்பெற்ற நகரங்களுள் பெங்களூரு ஒன்றாகும். 1886-இல் தொடங்கப்பெற்ற செயின்ட் மார்த்தாஸ் ஆஸ்பத்திரி, 1900-இல் திறக்கப்பெற்ற விக்டோரியா ஆஸ்பத்திரி, 1935-இல் ஏற்பட்ட வாணி விலாஸ் ஆஸ்பத்திரி ஆகிய பழைய நிலையங்கள் அங்கு உள்ளன. பிற்காலத்தில் தோன்றிய நர்ஸிங் கல்லூரிகளோ பல. கர்நாடகத்திலிருந்து மட்டுமின்றிக் கேரளம், தமிழ்நாடு, வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்தும் இளைஞர்கள் இக்கல்லூரிகளை நாடி வருகின்றனர்.

இத்தகைய மாணவ மாணவியர் வகுப்பறையை விட்டு வார்டுக்குள் நுழையும்போது, அவர்களுள் சிலருக்கு எதிர்பாராத இடையூறு ஒன்று நேருகிறது. தீப்புண்ணின் கட்டை அவிழ்க்கும் வேளையிலோ, முதன்முதலாகப் பிரசவத்தைக் காணும் வேளையிலோ, அறுவைச் சிகிச்சை மேசையருகே அசையாது நிற்கும் வேளையிலோ அவர்களுக்குக் கண் இருண்டு வருகிறது. சிலர் மூர்ச்சையுற்று வீழ்கின்றனர். ஒரு நிமிஷத்திற்குள் நினைவு திரும்பிவிடுகிறது. ஆனால் "இத்தொழிலுக்கு நான் தகுதியற்றவளோ?" என்ற ஐயம் எளிதில் நீங்குவதில்லை. மனவுறுதி இல்லாமையே இதற்குக் காரணம் என்று உடனிருப்போரும் எண்ணிவிடுவதுண்டு. உடலியல் விஞ்ஞானம் தரும் விடையோ வேறு.

இரத்தமும் மூளையும்

மூளையின் எடை உடலின் எடையில் நூற்றில் இரண்டு பங்கே. எனினும் இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பங்கை அது பெறுகிறது. இவ்வோட்டம் ஆறு முதல் எட்டு விநாடிகள் வரை நின்றுபோனால் நினைவு தவறிவிடும்.

மனிதன் எழுந்து நிற்கும்போது சுமார் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை இரத்தம் கால்களிலும் அடிவயிற்றிலும் தங்குகிறது. நடப்பவருடைய கெண்டைக்கால் தசைகள் சுருங்கும்போதெல்லாம் சிரைகளை அழுத்தி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அசையாது நிற்பவருக்கு இவ்வுதவி இல்லை. கழுத்துத் தமனிகளிலும் மகாதமனியிலும் உள்ள நுண்ணுணர்வு நரம்புகள் இரத்த அழுத்தத்தை இடைவிடாது கண்காணிக்கின்றன. அழுத்தம் குறையுமாயின் அவை இருதயத்தைத் துரிதப்படுத்தவும் இரத்தக் குழாய்களைச் சுருக்கவும் ஏற்பாடு செய்கின்றன. இவ்வேற்பாடு சற்று நேரம் தலைகீழாக மாறிவிடுவதே நாம் இங்கு ஆராயும் மூர்ச்சை.

இருவழி வீழ்ச்சி

இம்மாற்றத்தில் இரு செயல்கள் அடங்கியுள்ளன. மூளையிலிருந்து இருதயத்திற்குச் செல்லும் வேகஸ் நரம்பு கிளர்ச்சியுற்று இருதயத் துடிப்பைத் தாழ்த்துகிறது. அதே சமயத்தில் இரத்தக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் நரம்புகள் ஓய்ந்துவிடுவதால் குழாய்கள் விரிகின்றன. குழாயும் வேகஸ் நரம்பும் ஒருங்கே தொடர்புற்றமையைக் குறிக்கும் பெயரை, 1932-இல் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் இம்மூர்ச்சைக்கு இட்டார். அட்ரோபின் என்னும் மருந்தால் இருதயத் துடிப்பை உயர்த்தினாலும் இரத்த அழுத்தத்தின் வீழ்ச்சி நிற்பதில்லை என்பதை அவர் காட்டினார். ஆகவே இருதயம் தளர்வது மட்டுமே காரணமன்று என்பது தெளிவாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-இல் பார்கிராஃப்ட், எட்ஹோம் முதலியோர் தொண்டர்களின் உடலிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதனை செய்தனர். மூர்ச்சை நேரும் தருணத்தில் முன்கைத் தசைகளுக்குப் பாயும் இரத்தம் மிகுதிப்படுவதை அவர்கள் அளந்து கண்டனர். மூளைக்குச் செல்ல வேண்டிய இரத்தம் விரிந்த குழாய்களில் தேங்குகிறது என்பது இதன் பொருள்.

இருதயத்திலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் வேகஸ் நரம்பு இழைகளுள் ஒரு தனிப்பிரிவை அமெரிக்க விஞ்ஞானிகள் எலிகளில் கண்டறிந்து 2023-இல் அறிவித்தனர். அப்பிரிவை மட்டும் தூண்டியபோது துடிப்பும் அழுத்தமும் வீழ்ந்து, எலிகள் மூர்ச்சையுற்றன.

பிற அச்சங்களினின்றும் வேறுபாடு

பாம்பைக் கண்டு அஞ்சுபவரின் இருதயம் படபடக்கிறது; இரத்த அழுத்தம் ஏறுகிறது. அவர் ஓடுவாரேயன்றி மூர்ச்சையுறுவது அரிது. இரத்தம், ஊசி, காயம் ஆகியவற்றைக் கண்டு தளர்பவரிடத்திலோ அழுத்தம் முதலில் சிறிது ஏறிப் பின்னர் சடுதியில் இறங்குகிறது. இவ்வியல்பு பெரும்பாலும் குடும்பங்களில் தொடர்ந்து வருவது. தன்னிடம் இவ்வியல்பு உள்ளது என்பதை, வீட்டில் பெருங்காயங்களைக் காணும் வாய்ப்பு இல்லாமையால், ஒருவர் வார்டில்தான் முதன்முதலாக அறிய நேரலாம்.

அச்சம் சிறிதும் இல்லாதவருக்கும் இது நேரக்கூடும். காலை உணவைத் தவிர்த்தல், போதிய நீர் அருந்தாமை, இரவு வேலையினால் தூக்கம் கெடுதல், முகமூடியும் மேலங்கியும் அணிவதால் ஏற்படும் வெப்பம், நீண்டநேரம் அசையாது நிற்றல் ஆகியவை ஒன்றுசேரும்போது சிறிய காட்சியும் போதுமானதாகிறது. மருத்துவ மாணவர்களுக்கும், ஆண் தாதியருக்கும் இது நேருவதுண்டு. மன வலிமையை அளக்கும் கருவியாக இதனைக் கொள்ளுதல் தவறு.

விமானிகள் கற்கும் பாடம்

இவ்விடையூற்றைத் தடுக்கும் வழியின் அடிப்படையை விளக்க, பெங்களூரிலேயே வேறொரு துறையினின்றும் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. 1957-இல் நிறுவப்பெற்ற இந்திய விமானப் படையின் விமான மருத்துவ நிலையம் அங்குள்ளது. போர் விமானம் மிகு வேகத்தில் திரும்பும்போது விமானியின் உடல் பூமியின் ஈர்ப்பைப் போல் பன்மடங்கு விசைக்கு உட்படுகிறது. இரத்தம் கால்களை நோக்கி இழுக்கப்பட்டுப் பார்வை மங்குகிறது. பின்னர் நினைவும் தவறுகிறது. இந்நிலையைச் சுழல் எந்திரத்தில் உண்டாக்கி, கால், தொடை, வயிறு ஆகியவற்றின் தசைகளை இறுக்கியும் மூச்சை முறைப்படுத்தியும் அழுத்தத்தைக் காக்க விமானிகள் பயிற்றப்படுகின்றனர்.

விமானியின் மயக்கமும் தாதியின் மூர்ச்சையும் ஒரே காரணத்தால் விளைபவையல்ல. முன்னதில் புறவிசையும் பின்னதில் நரம்பின் அனிச்சைச் செயலும் காரணமாகின்றன. ஆயினும் இறுகிய தசை இரத்தத்தை மேலே தள்ளும் என்ற உண்மை இரண்டிற்கும் பொதுவானது. ஸ்வீடன் நாட்டு உளவியலறிஞர்களான ஊஸ்ட், ஸ்டெர்னர் ஆகிய இருவரும் 1987-இல் இதனை இரத்த அச்சத்திற்குரிய சிகிச்சையாக வகுத்து வெளியிட்டனர்.

அம்முறை எளியது. கை, மார்பு, கால் ஆகியவற்றின் தசைகளை ஒருசேர இறுக்கி, முகத்தில் வெம்மை தோன்றும் வரை, பத்து முதல் பதினைந்து விநாடிகள் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் முற்றிலும் தளர்ந்துவிடாமல் இயல்பான நிலைக்குத் திரும்பி, இருபது முதல் முப்பது விநாடிகள் கழித்து மீண்டும் இறுக்க வேண்டும். இவ்வாறு ஐந்து முறை செய்யலாம். நிற்பவர் கால்களைக் குறுக்காக வைத்துத் தொடைகளை இறுக்குவதும் பயன் தரும். வேலைக்கு முன் இரண்டு தம்ளர் நீர் அருந்துவதும் நன்று. மற்ற அச்சங்களுக்குக் கூறப்படும் உடல் தளர்த்தும் பயிற்சி இத்தருணத்தில் ஏற்றதன்று. முன்பே இறங்கிவரும் அழுத்தத்தை அது மேலும் தாழ்த்தக்கூடும்.

வீழ்ந்தவரைப் பேணும் முறை

மூர்ச்சை பெரும்பாலும் அறிவித்துவிட்டே வருகிறது. கொட்டாவி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, முகம் வெளுத்தல், காதில் இரைச்சல், பார்வை குறுகுதல் ஆகியவை அறிகுறிகள். இவை தோன்றியவுடன் அருகிலிருப்பவரிடம் சொல்லிவிட்டு, கிருமி நீக்கிய மேசையை விட்டு விலகித் தரையில் அமர்தல் அல்லது படுத்தல் வேண்டும். வெட்கத்தினால் நின்றுகொண்டே சமாளிக்க முயல்பவரே தலையில் அடிபட வீழ்கின்றனர். அவர் நோயாளியின் மீதோ கருவிகளின் மீதோ வீழ்ந்தால் தீங்கு இரட்டிப்பாகும்.

வீழ்ந்தவரைத் தூக்கி நிறுத்துவதும் நாற்காலியில் சாய்த்து வைப்பதும் கூடா. படுத்த நிலையில் இரத்தம் தானாகவே மூளையை அடைகிறது. மல்லாந்து படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் பொதுவாக இருபது விநாடிகளுக்குள் நினைவு திரும்பும். நினைவில்லாதவர் வாயில் நீரோ காப்பியோ ஊற்றலாகாது. அது மூச்சுக் குழாயில் சென்றுவிடும். சிலருக்குக் கை கால்கள் சில விநாடிகள் துடிப்பதுண்டு. அதனைக் காக்கை வலிப்பு என்று அவசரப்பட்டு முடிவு செய்யலாகாது. தெளிந்தவுடன் எழுந்து ஓடவும் விடலாகாது. அழுத்தம் சீர்படச் சிறிது நேரம் வேண்டும்.

ஆயினும் எல்லா மூர்ச்சையும் தீங்கற்றதன்று. உடலுழைப்பின்போதோ படுத்திருக்கும்போதோ நினைவு தவறினாலும், முன்னறிகுறியின்றி வீழ்ந்தாலும், மார்வலியோ படபடப்போ முந்தி வந்தாலும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தாலும் இருதயப் பரிசோதனை அவசியம். அடிக்கடி தளர்பவர் இரத்தசோகைக்கும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேரிடம் இரத்தசோகை காணப்பட்டது.

பயிற்சியில் செய்யத்தக்கவை

காட்சி பழகப் பழகப் பெரும்பாலோரிடம் இவ்வனிச்சைச் செயல் குன்றிவிடுகிறது. ஆதலின் பழக்கம் படிப்படியாக அமைதல் வேண்டும். முதலில் படங்கள், பிறகு மாதிரி உடலில் பயிற்சி, பிறகு சிறு புண்களுக்குக் கட்டுப் போடுதல், இறுதியில் அறுவைச் சிகிச்சை என்ற வரிசை நலம் பயக்கும். பார்வையாளராக ஓரத்தில் நிற்பதினும் ஒரு சிறு வேலையைக் கையில் ஏற்பது பலருக்கு எளிதாயிருக்கிறது. முதல் நாளன்றே ஆசிரியை இதனை மாணவருக்கு விளக்கி, தசை இறுக்கும் முறையைக் கற்பித்து, "தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள், அது குற்றமன்று" என்று கூறிவிடுவாராயின், பாதி இடர் தீர்ந்தது. அவ்வாறு கூறக் கேட்ட மாணவி அறிகுறி தோன்றியதும் அமர்ந்துவிடுவாள். அடுத்த நாளும் வார்டுக்கு வருவாள். கேளாதவள் விடுதிக்குச் சென்று பெட்டியைக் கட்டக்கூடும். இருபது விநாடிகள் நீடித்த ஒரு அழுத்தக் குறைவுக்காக, நல்ல தாதி ஒருத்தியை நோயாளிகள் இழக்க வேண்டியதில்லை.