உஷார்! கல்லா நிரம்பும்போதே கடை மூழ்கும்

செஞ்சியில் சின்னதாக ஒரு தொழில் வைத்திருக்கிறீர்களா? டிபன் கடையோ, பட்டறையோ, பலகாரம் போடும் இடமோ, எதுவானாலும் சரி. விடியுமுன் எழுந்து ராத்திரி பதினொரு மணிவரை உழைக்கிறீர்களா? அப்படியானால் கொஞ்சம் நின்று இதைப் படியுங்கள். ஆபத்து உங்களுக்குத்தான். சோம்பேறியின் கடை மூடப்போவது ஊருக்கே தெரியும். உழைத்து உழைத்தே மூழ்குகிறவரை யாரும் கவனிப்பதில்லை. அவரே கவனிப்பதில்லை!

ஒரு தம்பிக்கு நடந்ததைக் கேளுங்கள். பெயர் வேண்டாம். முறுக்கு, அதிரசம், மிக்சர் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். நல்ல கைப்பக்குவம். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டம், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகிற கூட்டம். சாலையோரக் கடைகளில் அவர் சரக்குதான் முதலில் தீரும். அந்த நாட்களில் கல்லா வழியும். அதில் பெரும்பகுதி எண்ணெய்க்காரருக்கும் மாவுக்காரருக்கும் சேரவேண்டிய பணம். அது அவர் கண்ணில் படவில்லை. அந்தக் கல்லாவிலிருந்துதான் பள்ளிக் கட்டணம், மச்சினி கல்யாணத்துக்குச் சீர், புது வண்டிக்கு முன்பணம் எல்லாம் போயின.

யார் எவ்வளவு பாக்கி? தலைக்குள் இருந்தது. அடுத்த வாரம் யாருக்குப் பணம் கொடுக்கணும்? அதுவும் தலைக்குள்தான்.

டெங்கு வந்தது. மூன்று வாரம் படுக்கை.

மனைவிக்கு அவருடைய போனைத் திறக்கக்கூடத் தெரியாது. பாக்கி கேட்டுப் போனால், “அண்ணன்கிட்ட போன வாரமே குடுத்துட்டேனே அக்கா” என்றார்கள். இல்லை என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. எண்ணெய்க்காரருக்குக் கொடுத்திருந்த செக் திரும்பியது. செக் திரும்புவதை வெறும் மானக்கேடு என்று நினைத்துவிடாதீர்கள். நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளில் பணம் கட்டாவிட்டால் வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. பயந்துபோய்த் தண்டல் வாங்கினார்கள். கையில் 8,500 ரூபாய். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்டணும். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆண்டு வட்டியாகப் போட்டுப் பாருங்கள், 100 சதவீதத்தைத் தாண்டும்! ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல். கடைசியில் நகையெல்லாம் அடகுக் கடையில். அந்தத் தம்பி இன்று வேறொருவர் அடுப்பில் தினக்கூலிக்கு முறுக்குப் பிழிகிறார்.

அவரிடம் என்ன குறை? அவர் கடையில் நல்ல மாஸ்டர் இருந்தார், டெலிவரி ஆள் இருந்தார், வசூல் ஆள் இருந்தார். எல்லாமே அவர்தான். தலைமைப் பொறுப்பில்தான் ஆளில்லை. பெரிய கம்பெனியின் சி.இ.ஓ. அடுப்படியில் நிற்பதில்லை. அடுத்த மூன்று மாதத்துக்குப் பணம் எங்கிருந்து வரும், எது நஷ்டத்தில் ஓடுகிறது, ஒரு ஆள் விழுந்தால் யார் தாங்குவது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நாலு பேர் வேலை செய்யும் கடைக்கும் அதைப் பார்க்க ஒருவர் வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரமாவது நோட்டோடு தனியே உட்காருங்கள். போனை அணைத்துவிட்டு!

நம் கோட்டையே இதைச் சொல்லும். மராத்திய அரசர் ராஜாராமை முற்றுகையிட 1690-இல் வந்த முகலாயப் படையால் 1698-இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. மலையும் மதிலும் மட்டுமா காப்பாற்றின? உள்ளே நெற்களஞ்சியமும் குளங்களும் இருந்தன. உங்கள் கடை வியாபாரமே இல்லாமல் எத்தனை நாள் தாங்கும்? தேசிங்கு ராஜனின் வீரத்தை இன்றும் பாடுகிறோம். ஆற்காட்டு நவாபோடு அவர் போட்ட சண்டைக்கு ஒரு காரணம், தந்தை சொரூப் சிங் காலத்துக் கப்பப் பாக்கி. அதை நவாப் தேசிங்கிடம் கேட்டார். 1714-இல் அந்த இளைஞன் உயிரையே கொடுத்தான். உங்கள் பாக்கியும் பிள்ளைகள் வரை வரும். தனி ஆள் பெயரில் நடத்தும் தொழிலில் கடைக் கடன் வேறு, உங்கள் கடன் வேறு என்று சட்டம் பிரிப்பதில்லை. நீங்கள் விட்டுப்போகும் வீடும் நிலமும் அந்தக் கடனுக்குப் பதில் சொல்லணும்.

இவற்றில் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா, பாருங்கள்.

கல்லாவும் வீட்டுச் செலவும் ஒரே பணம். ஒரே யுபிஐ கணக்கு. மாதம் இவ்வளவு என்று உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளவில்லை. உஷார்!

விற்பனை ஏறுகிறது, கையில் காசு நிற்கவில்லை. விலை தப்பாக இருக்கலாம், அல்லது பணம் கடனில் முடங்கியிருக்கலாம். உங்கள் கூலியையும் வீட்டுப் பெண்களின் கூலியையும் சேர்க்காமல் விலை வைத்தால் அது லாபமே கிடையாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

சரக்கில் பாதி ஒரே ஆளுக்குப் போகிறது. அவர் கையை விரித்தால்?

ஜிஎஸ்டி கணக்கை “ஆடிட்டர் பாத்துக்குவார்” என்று விட்டிருக்கிறீர்கள். தாமதித்தால் சாதாரணமாக நாளுக்கு 50 ரூபாய், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அவர் மறந்தாலும் கட்டுவது நீங்கள்தான்!

நீங்கள் பத்து நாள் இல்லாவிட்டால் கடை நின்றுவிடும். இதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. இன்றைக்கே பாக்கி விவரத்தை நோட்டில் எழுதி, வீட்டில் ஒருவருக்குக் காட்டுங்கள்.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. 2025 ஜூலையில் நம் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மகாராஷ்டிரக் கோட்டைகள் பதினொன்று, நம்முடையது ஒன்று. பெருமைதான். ஆனால் கூட்டம் கொட்டும் என்று நம்பி வட்டிக்கு வாங்கிக் கடையை அகலமாக்குகிறவர்களை நினைத்தால் மனசு பதைக்கிறது. ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். வட்டி தினமும் வரும். முதலில் ஒரு மேசை கூடுதலாகப் போட்டுப் பாருங்கள், ஆறு மாதம் எண்ணுங்கள், பிறகு கடன் கேளுங்கள்.

பாக்கி வராமல் தவிக்கிறீர்களா? நீங்களே தயாரித்து விற்கும், அல்லது சேவை தரும் குறுந்தொழிலாக உத்யம் பதிவு வைத்திருந்தால், சரக்கை ஏற்றுக்கொண்டவர் 15 நாளில் பணம் தரணும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. வாங்கி விற்கும் கடைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்கள் கடனை ஆரம்பத்திலேயே அளந்து கொடுக்கணும். உத்யம் பதிவு மத்திய அரசின் இணையதளத்தில் முழுக்க இலவசம். அரசுத் தளம்போல ஒன்றைக் காட்டிப் பதிவுக் கட்டணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள்!